போயிட்டு வர்றேனுங்க, அத்தை

தம்பி, காதில் மாட்டியிருக்கிறதைக் கொஞ்சம் கழற்றுங்கள். பாட்டு எங்கேயும் ஓடிப்போகாது. ஏன் ஜன்னலோடு ஒட்டிக்கொள்கிறீர்கள்? உங்கள் மடியிலா உட்கார்ந்துவிட்டேன்? கிட்ட உட்கார்ந்தால்தான் எனக்குப் பேச்சு வரும். காலமெல்லாம் லாரி ஓட்டினவன். இஞ்சின் சத்தத்தில் கிளீனர் காதுக்குள் கத்திக் கத்திப் பழகின வாய் இது.

மடியில் இருப்பது தேங்காய் பர்பி. உங்களுக்கில்லை. செங்கோடனுக்கு. பவானி தாண்டி கரட்டுமேடு என்று ஒரு ஸ்டாப், அங்கே ஒரு இல்லத்தில் அவனைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை தவறாமல் போகிறேன். போன வாரம் என்னிடம் ஒன்று கேட்டான். இன்றைக்கு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். எட்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

சங்ககிரியில் இறங்கி, கப்சா கருப்பண்ணன் வீடு எது என்று கேளுங்கள். நாய்கூட வழி காட்டும். நான்தான். கப்சா என்கிற பட்டத்தை நானாகக் கேட்டு வாங்கவில்லை, ஊர் கொடுத்தது. சாலையில் கண்டதைச் சொன்னேன், கொஞ்சம் உப்பு காரம் போட்டுச் சொன்னேன். திம்பம் மலையில் ஒரு புலி என் லாரியில் ஏறி, ஆசனூரில் இறங்கிக்கொண்டது. சிரிக்கிறீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். டீக்கடையில் இருபது பேர் உட்கார்ந்திருந்தாலும் இருபது பேரும் சிரிப்பார்கள், ஒருத்தனும் நம்பமாட்டான்.

செங்கோடன் ஒருத்தன் நம்புவான்.

என் பக்கத்து வீட்டு அத்தாயம்மாவின் மகன். முப்பத்தாறு வயது, ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், மீசையைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். ஆனால் பிறந்ததிலிருந்தே புத்தி கொஞ்சம் மெதுவு. வேலை சொன்னால் செய்வான், பத்து வீட்டுப் பாலை மாற்றிப் போடாமல் கொடுத்துவிட்டு வருவான். மனிதர்களோடு நிற்கத்தான் தெரியாது. எவ்வளவு தூரத்தில் நிற்பது, எப்போது கிளம்புவது, எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது, அதெல்லாம் நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தானாக வந்தது. அவனுக்கு வரவில்லை. நான் கதை சொன்னால் பின்னால் வந்து என் தோளில் மோவாயை வைத்துக்கொண்டு கேட்பான். மூச்சு கன்னத்தில் படும். மற்றவர்கள் சிரித்து முடித்து டீயைக் கையில் எடுத்த பிறகு, அவன் தனியாக ஒருமுறை சிரிப்பான். எதற்கென்று தெரியாது. சிரிக்க வேண்டிய இடம் என்று மட்டும் தெரியும்.

அத்தாயம்மா பாவம், ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டீங்களா" கேக்கணும். கேட்டான். கக்கூஸிலிருந்து வெளியே வருகிறவனைக் கேட்டான், கல்யாண மேடையில் தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளையை எட்டிப் பார்த்துக் கேட்டான். ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது கையைக் கூப்பி "போயிட்டு வர்றேனுங்க" சொல்லணும். அதையும் பிடித்துக்கொண்டான். உடும்புப் பிடி. சொல்லிவிட்டு அப்படியே நிற்பான். வீட்டுக்காரர் "வா" என்று சொன்னால்தான் நகர்வான். "ம்" என்று தலையாட்டினால் போதாது. ஒருமுறை மளிகைக்கடை முதலியார் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடித்து, வாடிக்கை பார்த்து, பூட்டை எடுத்து வெளியே வருகிற வரைக்கும் இவன் கூப்பின கையோடு நின்றிருக்கிறான்.

என் வீட்டுக்காரி பாவாயிக்கு ஒரு காது மந்தம். இடது காது சுத்தமாகக் கேட்காது. அவளிடம் மட்டும் வலது காதோரம் குனிந்து, மோவாய் கம்மல் மேல் படுகிற மாதிரி, "போயிட்டு வர்றேனுங்க, அத்தை" என்பான். ஊரில் அத்தனை பேரும் "தள்ளி நில்லுடா" என்று விரட்டுகிற கிட்டத்தில் நின்று சொல்வான். அவள் "வா சாமி" என்பாள். எங்களுக்கு ஒரே மகன், தனபால், அவன் திருப்பூரில். வீட்டில் அந்த "வா சாமி"யைக் கேட்க வேறு ஆள் கிடையாது. என்னை அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு "ஏனுங்க" மட்டும்தான்.

டீக்கடைப் பயல்கள் அவனைப் படுத்தின பாட்டைக் கேட்டீர்களானால் ரத்தம் கொதிக்கும். "ரேசன் கடையில பொண்ணு தர்றாங்கடா செங்கோடா, வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டுப் போய் வரிசையில நில்லு" என்று அனுப்பிவிட்டார்கள். பையன் குளித்து, தலை சீவி, திருநீறு பூசி, உச்சி வெயில் வரைக்கும் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றான். முறை வந்ததும் "எனக்குக் கறுப்பா இருந்தாலும் பரவாயில்லீங்க" என்றான். கடை முழுக்கச் சிரிப்பு. திரும்பி வந்து என்னிடம்தான் சொன்னான். "தீந்துபோச்சாமுங்க மாமா. அடுத்த மாசம் வரச் சொன்னாங்க."

நான் விட்டேனா? டீக்கடைக்குப் போய், "ஒரு வாயில்லாப் பிள்ளையை ஏமாத்தறீங்களே, நீங்கெல்லாம் மனுசங்களாடா" என்று கிழித்தேன். ஏமாற்றுவதைப் போல ஒரு பாவம் இல்லை தம்பி. நான் அவனிடம் சொன்னதெல்லாம் கதை. அது வேறு.

சரி, விசயத்துக்கு வருகிறேன்.

எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது, உங்களுக்கும் தெரியும். எழுந்தோமா, நடந்தோமா என்று வந்துவிட வேண்டும். "போயிட்டு வர்றேன்" என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். இது அவனுக்குப் பிடிபடவில்லை. எல்லா வீட்டிலும் சொல் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, ஒரு வீட்டில் மட்டும் சொல்லாதே என்றால்? சாவு வீட்டுப் பக்கம் அவனை விடமாட்டாள் அத்தாயம்மா, வாசலோடு கூட்டி வந்துவிடுவாள். ஒரு நாள் டீக்கடையில் என் தோளில் மோவாயை வைத்துக் கேட்டான். "ஏனுங்க மாமா அங்க மட்டும் சொல்லக் கூடாது?"

நல்ல கூட்டம் அன்றைக்கு. நான் சும்மா இருக்க முடியுமா?

"அதை ஏண்டா கேக்கற. நாசிக்குக்கு வெங்காய லோடு ஏத்தப் போயிருந்தேன். மண்டி முதலாளியோட அப்பன் செத்துக் கெடந்தான். நாமளும் ஒரு மாலையைப் போட்டுட்டுக் கெளம்பறப்ப, பழக்கதோசத்துல, 'போயிட்டு வர்றேனுங்க'ன்னு சொல்லிப்புட்டேன். பாடை மேல கெடந்த கெழவன் டக்குனு எந்திரிச்சு உக்காந்து, 'இருங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்'ங்கறான்!"

"மராட்டிக்காரன் தமிழ்லயா பேசினான்?" என்றான் டீ ஆற்றுகிறவன்.

"செத்தவனுக்கு எந்தப் பாசைடா கணக்கு? அப்புறம் பேரன் கல்யாணத்தைப் பாத்துட்டுத்தான் போனான். காதுல விழுந்தா எந்திரிச்சுக்குவாங்க. அதனாலதான் சொல்லக் கூடாதுங்கறது."

கடை ஆடிப்போயிற்று சிரிப்பில். செங்கோடன் சிரிக்கவில்லை. "எந்திரிச்சா நல்லதுதானுங்களே மாமா? ஏன் சொல்லக் கூடாது?"

"சொத்தைப் பிரிச்சுக்கிட்டவன் என்னடா பண்ணுவான்?" என்று சமாளித்தேன். மறுபடியும் சிரிப்பு. எல்லோரும் அடங்கின பிறகு, அவன் தனியாக ஒருமுறை சிரித்தான்.

பாவாயி காதுக்கு எப்படியோ போய்விட்டது. மந்தக் காதுக்கு வம்பு மட்டும் நன்றாகக் கேட்கும். "ஏனுங்க, அந்தப் புள்ளைகிட்ட எதுக்கு இப்படிப் புளுகறீங்க? நாமெல்லாம் ஒரு காதுல வாங்கி மறு காதுல உட்டுருவோம். அவன் நெஞ்சுல வெச்சுக்குவான்" என்றாள். பெண்களுக்குக் கதையின் ருசி தெரியாது.

தை மாசம் அவள் போய்விட்டாள். காலையில் அடுப்பு முன்னால் குந்தியிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். அதற்கு மேல் அதைச் சொல்ல மாட்டேன். அதில் உப்பு காரம் போட ஒன்றும் இல்லை.

மகன் வரவேண்டும் என்று கண்ணாடி ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். வாசலில் பந்தல், ஒப்பாரி, கொட்டுச் சத்தம். மகனும் வந்துவிட்டான். செங்கோடன் எப்போது வந்தான் என்று தெரியாது. பெட்டியின் தலைமாட்டில் வந்து நின்று கையைக் கூப்பினான். "போயிட்டு வர்றேனுங்க, அத்தை." ஒப்பாரி டக்கென்று நின்றது. மறுபடியும் சொன்னான். கண்ணாடிக்கு வெளியே நின்று சொன்னால் உள்ளே கேட்குமா? அதுவும் அவளுக்கு? அவனுக்கு அது தெரியும் தம்பி, மற்றவர்கள் யோசிக்காததை அவன் யோசித்தான். மூடியைத் தூக்கினான். வலது காது பார்த்துக் குனிந்தான்.

பெண்கள் அலறினார்கள். என் மகன் தனபால் பாய்ந்து வந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். அறை விழுந்தது, ஒன்றல்ல. "எழவு ஊட்ல வந்து கூத்தாடறயாடா? எங்கம்மா மேல கை வெக்கறயா?" சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கை பிடித்துத் தெருவில் தள்ளினார்கள். அவன் அழவும் இல்லை, திருப்பிக் கை ஓங்கவும் இல்லை. "இருங்க, இன்னும் சொல்லி முடிக்கலீங்க, அத்தைக்குக் கேக்கலீங்க" என்று அதையே சொல்லிக்கொண்டு போனான். அத்தாயம்மா ஓடி வந்து, என் மகன் காலில், வயதில் எவ்வளவு சின்னவன், அவன் காலில் விழுந்தாள்.

நானா? என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? பொண்டாட்டியைப் பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறேன். "உடுங்கடா, நான் சொன்ன கதைதான் அது" என்று அந்த நேரத்தில் எழுந்து சொல்ல முடியுமா? சபைக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். அந்த மாசமே எங்கள் தெருக்கோடியில் ஒரு கிழவர் செத்தார். தொண்ணூறு தாண்டினவர், என்றைக்கோ போயிருக்க வேண்டியவர். "செங்கோடன் சாவு வீட்ல வாய் வெச்சான், பாரு, அடுத்தது உழுந்துருச்சு" என்று ஊர் பேச ஆரம்பித்தது. அவன் வருகிறான் என்றால் கதவைச் சாத்தினார்கள். பால் வாங்கினவர்கள் வேண்டாம் என்றார்கள். கூப்பின கையோடு சாத்தின கதவு முன்னால் நிற்பான், "வா" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும் என்று. அத்தாயம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யாரோ சொன்னார்கள் என்று கரட்டுமேட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், இப்போது நான் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறாள். நான் என்ன செய்தேன் அவளுக்கு?

இல்லம் சுத்தமான இடம்தான், குறை சொல்ல மாட்டேன். சோறு நன்றாகப் போடுகிறார்கள். ஆனால் ஜெசிந்தா என்று ஒரு டீச்சர் இருக்கிறாள், அவள்தான் பையனைக் கெடுத்துவிட்டாள். முதல் தடவை போனேன். ஓடி வந்து தோளில் மோவாயை வைப்பான் என்று பார்த்தால், எதிரே வந்து நின்று கையை நேராக நீட்டினான். விரல் நுனி என் சட்டைப் பொத்தானைத் தொட்டும் தொடாமலும் நின்றது. "இவ்வளவு தூரத்துல நிக்கணுமுங்க மாமா" என்றான். "கையைப் புடிச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டான். என்னிடம்! கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டுமாம். முப்பத்தாறு வயதுப் பையனை அந்த டீச்சர் 'அவர்' 'அவர்' என்கிறாள். "ஐயா, அவரை எல்லாரும் ஏமாத்தி வெச்சிருக்காங்க. அவருக்குத் தன்னைக் காப்பாத்திக்கத் தெரியணும் இல்லீங்களா?" என்கிறாள். என்னமோ நாங்கள் எல்லாம் திருடர்கள் மாதிரி.

அது போகட்டும். தள்ளி நின்றுகொண்டே என்ன சொன்னான் தெரியுமா? "மாமா, நான் முழுசா சொல்லலீங்க. பாதிலயே இழுத்துட்டாங்க. அதனாலதான் அத்தை எந்திரிக்கலீங்க. தப்பு என்னுதுதானுங்க." போகிற வாரமெல்லாம் இதையே சொல்கிறான். பர்பியைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் சொல்கிறான். "உன் மேல தப்பு இல்லடா" என்பேன். "அப்ப ஏனுங்க எந்திரிக்கல?" என்பான். நான் பேச்சை மாற்றி, திம்பத்துப் புலியை எடுத்து விடுவேன்.

போன வாரமும் புலியைத்தான் ஏற்றினேன். லாரி கொண்டை ஊசி வளைவு திரும்புகிறது. டக்கென்று கையைத் தூக்கினான், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தூக்குகிற மாதிரி. "மாமா, இது நெசமா, கதையா?"

டீச்சர் பழக்கியிருக்கிறாள். யார் எதைச் சொன்னாலும் முதலில் அதைக் கேட்க வேண்டுமாம். ரேசன் கடையில் பொண்ணு தருகிறார்கள் என்றால் கேட்கட்டும், சரிதான். என்னையுமா கேட்பது? உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே காது தம்பி அது.

"கதைதாண்டா" என்றேன், சிரித்துக்கொண்டே. புலிதானே, போய்த் தொலையட்டும். தலையை ஆட்டினான். அவனுக்கு ஒன்று உள்ளே போய் ஒன்று வெளியே வர நேரம் ஆகும். பிறகு கேட்டான். "அப்ப நாசிக்குல அந்தத் தாத்தா எந்திரிச்சது?"

மணி அடித்துவிட்டார்கள், பார்க்கிற நேரம் முடிந்தது என்று. பிழைத்தேன். "அடுத்த வாரம் சொல்றேன்" என்று வந்துவிட்டேன். அந்த அடுத்த வாரம்தான் இது.

நெசம் என்றால், தான் சரியாகச் சொல்லாததால்தான் அத்தை போனாள் என்று சாகிற வரைக்கும் நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடப்பான். கதை என்றால்? என் கதைக்காகவா அவ்வளவு அறை வாங்கினான், வீட்டைவிட்டு வந்தான்? அவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் போடத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? நேரம் ஆகும், ஆனால் போட்டுவிடுவான்.

அதனால் ஒன்று கட்டியிருக்கிறேன். ஒரு வாரமாக உட்கார்ந்து இழைத்தது, கேட்டுப் பாருங்கள். "செங்கோடா, உங்க அத்தையைப் பாடையில வெச்சுத் தூக்கிட்டுப் போனமா, சுடுகாட்டு வாசல்ல எறக்கி வெச்சமா, அப்பக் கண்ணை லேசாத் தொறந்தா. 'ஏனுங்க, செங்கோடன் சொன்னது முழுசாக் கேட்டுதுங்க. எனக்குத்தான் எந்திரிக்க அலுப்பா இருக்குது. அவன்கிட்ட வா சாமின்னு சொல்லிருங்க'ன்னா. சொல்லிட்டு மூடிக்கிட்டா." எப்படி? அந்த 'அலுப்பா இருக்குது' எப்படி? அச்சு அசல் பாவாயி பேசுகிற மாதிரியே இல்லை?

என்ன? என்ன கேட்டீர்கள்?

நெசமா என்று நீங்களுமா கேட்கிறீர்கள்!

...எழுந்திருக்கவில்லை தம்பி. கண்ணையும் திறக்கவில்லை. எனக்குத் தெரியும். வாய்க்கரிசி போட என்னைக் கூட்டிப் போனார்கள். அரிசியைப் போடக் குனிந்தேன். வலது காது, அந்தச் சிவப்புக்கல் கம்மலைக் கழற்றியிருந்தார்கள், காது வெறுமையாக இருந்தது. குனிந்தது குனிந்தபடி, "போயிட்டு வர்றேன், பாவாயி" என்றேன். அவனை மாதிரி பாதியில் இல்லை. முழுசாகச் சொன்னேன், இரண்டு தரம் சொன்னேன். என்னை யாரும் பிடித்து இழுக்கவில்லை. கிழவன் அழுகிறான் என்று நினைத்துத் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். நான் அழவில்லை. அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை அவனிடம் சொல்லுங்கள் என்கிறீர்களா? இதைப் போயா? இதில் என்ன இருக்கிறது? ஒருத்தன் முழுசாகச் சொன்னான், அவள் எழுந்திருக்கவில்லை. இதைக் கேட்க ஒருத்தன் டீ வாங்கிக் கொடுப்பானா? கையைத் தூக்கி "நெசமா, கதையா" என்பான். நெசம் என்பேன். நாசிக்கையும் இதே வாயால்தானே சொன்னேன். எதை வைத்து நம்புவான்?

கரட்டுமேடு! கண்டக்டர் தம்பி, ஆள் இறங்கணும்! அதோ பாருங்கள், புளியமரத்தடியில் நீலச் சட்டை, மீசை. டீச்சர் கூட்டி வந்திருக்கிறாள். பஸ்ஸைப் பார்த்ததும் கையை நீட்டிவிட்டான், பாருங்கள், இங்கிருந்தே தூரம் அளக்கிறான்.

பொட்டலத்தைப் பிரிக்கிறேன். இந்தாருங்கள், ஒரு பர்பி. பிடியுங்கள், அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். தோளைக் கொஞ்சம் கொடுங்கள், பிடித்து எழுந்துகொள்கிறேன். ஆங்.

போயிட்டு வர்றேன், தம்பி.

...என்ன பார்க்கிறீர்கள்? நான் சொல்லிவிட்டேன். நீங்கள் ஒரு வார்த்தை "வாங்க" என்று சொன்னால்தானே நான் இறங்க முடியும்? தலையாட்டினால் போதாது. சொல்லுங்கள் தம்பி, விசில் அடிக்கிறான்.